மூக்கில் இருபது கிராம்

“ஈயத்தை எதுல ஒட்டினே, ஜோதி?”

போன வருஷ மழைக்காலத்தில் சேகரன் சார் ஒரே ஒரு தடவை இப்படிக் கேட்டார். ஜோதிமணி தலை நிமிரவில்லை. “நீங்க சொன்ன பசையிலதானுங்க சார்” என்றாள். பொய்.

குவெம்புநகர் மாடி அறையில் அவர் பிளாஸ்டிக்கில் மாதிரி விமானங்களைச் செய்து விற்கிறார். மூக்கடியில் சக்கரமுள்ள விமானத்துக்கு முன்பக்கம் கனம் வேண்டும். இல்லாவிட்டால் வால் தரையில் குந்தி, மூக்கு வானத்தைப் பார்க்கும். அதனால் உடலின் இரண்டு பாதிகளையும் மூடுமுன் மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு இருபது கிராம் வைத்து, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டவேண்டும். அது ஜோதியின் வேலை. பத்தாவதோடு ஏன் நின்றாய் என்று யாரும் கேட்காத ஒரே இடம் அந்த அறைதான்.

அன்று கலவைப் பசை தீர்ந்திருந்தது. அவள் அப்பா தச்சர். வீட்டிலிருந்த வெள்ளை மரப்பசையைக் கொண்டுவந்து ஊற்றினாள். கதவையே தாங்குவது நாலு குண்டைத் தாங்காதா? தாங்கியது. விமானம் மூன்று சக்கரத்திலும் சமர்த்தாக நின்றது. பக்கத்துத் தெரு ரூபா அதை வாங்கிப்போனாள்.

ஒரு மாதம் கழித்து சார் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். “வெள்ளைப் பசையா? அட மகராசா, அது ஈயத்தை அரிக்கும். ஈயம் வெள்ளையாப் பூத்து உப்பும். மூடின மூக்குக்குள்ள எங்கே போகும்? ஒருநாள் பிளந்துடும்.”

ஜோதிக்கு ரூபா வாங்கிப்போன விமானம் நினைவுக்கு வந்தது. கையிலிருந்த இறக்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சொன்னால் வேலை போய்விடும்.

இந்தத் தசராவுக்கு ஒரு வாரம் முன்பு ரூபா அதே விமானத்தோடு வந்தாள். அவள் கணவன் மகேந்திரன் விமானப்படையில், வடக்கே எல்லையில் அதே ரகப் போர் விமானம் ஓட்டுகிறவன்.

“சக்கரம் ஆடுது ஜோதி. ஆயுத பூஜைக்குள்ள சரிபண்ணிக் குடு. தெருவுல அவங்கவங்க ஸ்கூட்டருக்குப் பொட்டு வெக்கறாங்க. அவரோட விமானத்துக்கு நான் எங்கே போய் வெக்க? இதுக்குத்தான் வெக்கணும். சக்கரத்தடியில வெச்சு நசுக்க எலுமிச்சம்பழம் பெரிசு, அதனால திராட்சை!” என்று சிரித்தாள்.

ஜோதி விமானத்தைத் திருப்பினாள். மூக்கடியில் மயிரிழையாய் ஒரு கீறல். நகத்தால் தொட்டாள். வெள்ளை மாவு ஒட்டியது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் சக்கரத்தை இறுக்கி, கீறலை மக்கு வைத்து அடைத்துத் தேய்த்து, சாம்பல் பெயிண்ட் பூசினாள்.

“ஆச்சா?”

“ஆச்சுங்கக்கா.”

விஜயதசமிக்கு மறுநாள் காலை, பட்டுத்துணியில் எதையோ ஏந்திக்கொண்டு ரூபா படியேறி வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. மேஜைமேல் துணியை விரித்தாள். மூக்கு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒவ்வொரு பாதியிலும் பாதிப் பொட்டு. வெள்ளை பூத்த ஈயக்குண்டுகள் துணியில் உருண்டன.

“பூஜைக்கு வெச்ச குங்குமம் சார். மறுநாள் பார்த்தா இப்படி. அன்னிலேர்ந்து அவர் போன் எடுக்கலை.”

சார் ஒரு குண்டை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். மெல்ல ஜோதியின் பக்கம் திரும்பினார்.

“ஈயத்தை எதுல ஒட்டினே?”

“மரப்பசையிலீங்க.” ஜோதி துணியில் கிடந்த குண்டுகளைப் பார்த்தபடி சொன்னாள். “போன வாரமே கீறலைப் பார்த்தேனுங்க. மூடிட்டேன்.”

“கேட்டீங்களாம்மா? வெறும் பசைதான். சகுனமெல்லாம் ஒண்ணுமில்லை” என்றார் சார் அவசரமாக.

ரூபா கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரை இருட்டாகவே இருந்தது.

சார் விமானத்தைத் தூக்கி நிறுத்தினார். கனம் இழந்த மூக்கு எழும்பியது, வால் மேஜையில் தட்டென்று குந்தியது. ஜோதி குண்டுகளைப் பொறுக்கி ரூபாவிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. துணியையும் விமானத்தையும் அப்படியே விட்டுவிட்டு, மறுபடி அவர் எண்ணை அழுத்தியபடி படியிறங்கிப் போனாள்.