கடைசி மூட்டைச் சாம்பல்

“ஏய், நிறுத்துடா! அதைக் கொட்டாதே!”

அப்போண்டி போட்ட சத்தத்தில், பந்தல் சாமான் ஏற்றி வந்த லாரியின் டிரைவர்கூடப் பிரேக்கை மிதித்துவிட்டான். ஆனால் கொட்டியது கொட்டியாகிவிட்டது. வாசல் சேற்றில், லாரிச் சக்கரத்துக்கு முன்னால் வெளுத்த உமிச் சாம்பல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. சித்தப்பா மகன் ஒதிண்டோ மீதி மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தான்.

“லாரி சேத்துல மாட்டிக்கிச்சுக்கா. சாம்பல்தானேன்னு...”

“சாம்பல்தானேவா? என் ஆராய்ச்சிடா அது, படுபாவி!”

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அஹேரோ நெல் விளையும் ஊர். மில்லுக்குப் பின்னால் உமி மலை மலையாகக் கிடக்கும். மழைக்காலத்தில் கரிசல் சேற்றில் வண்டி மாட்டினால் சாம்பலைக் கொட்டித்தான் கிளப்புவார்கள். ஆனால் இது அவள் அப்பா ஒலாங்கோ அவளுக்கென்றே எரித்த சாம்பல்.

அவர் அந்த மில்லில் மெஷின் ஓட்டியவர். மகள் நைரோபியில் இன்ஜினியரிங் ஆராய்ச்சி செய்கிறாள் என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சிமெண்டில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு உமிச் சாம்பலைச் சேர்த்தாலும் கான்கிரீட் கெட்டியாக நிற்கும் என்பது அவள் ஆராய்ச்சி. அதற்காகப் பழைய டிரம்மில் ஓட்டை போட்டு, உமியை நிதானமாக எரித்து, மூட்டை கட்டி பஸ்ஸில் அனுப்புவார். அவசரப்பட்டால் சாம்பல் கருத்துவிடும், உதவாது. இதுவரை அவள் செய்த சோதனையெல்லாம் அவர் டிரம்மில் வெந்த சாம்பலை வைத்துத்தான். கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. அதற்கு வேறு யாரோ எரித்த சாம்பலைப் போட்டால் முந்தைய முடிவுகளோடு ஒப்பிட முடியாது. தலைகீழாக நின்றாலும் பேராசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தக் கடைசி மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, போன வாரம் மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவேயில்லை.

அவள் மூட்டையைப் பிடுங்கித் தூக்கிப் பார்த்தாள். பாதிதான் தேறும். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சாவுச் செய்தி போனில் வந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை.

வெள்ளிக்கிழமை மார்ச்சுவரியிலிருந்து உடல் வரும், சனிக்கிழமை அடக்கம். குழிக்குள் சவப்பெட்டிக்கு மேலே மூடுகிற கான்கிரீட் பலகை இறுக நாள் வேண்டும் என்பதால், அதைத் திங்கட்கிழமையான அன்றைக்கே வார்த்தாக வேண்டும். அதற்காகச் சித்தப்பா ஒகெச் வீட்டுக்கு வலப்பக்கம் மணலும் ஜல்லியும் இறக்கிக்கொண்டிருந்தார். அப்போண்டியின் கண் மணலுக்குப் போனது, மூட்டைக்கு வந்தது, மறுபடி மணலுக்குப் போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சித்தப்பா, கலவையை நான் போடறேன். இந்தச் சாம்பலைச் சேர்த்து.”

“பொம்பளை குழி வேலைல கை வைக்கிறதாவது! அதுவும் சாம்பலைப் போட்டு? என் அண்ணன் மேல வைக்கிற பலகை பொண்ணே அது. உன் பரீட்சைக்கு அவன்தான் கெடைச்சானா?”

சுருக்கென்று தைத்தது. வாசற்படியில் மெத்தை போட்டு உட்கார வைத்திருந்த அம்மாதான் காலையிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“ஆமா, அவருதான் கெடைச்சாரு. அவ எந்தப் பரீட்சைக்கு அவரு இல்லாம இருந்தாரு? கலக்கட்டும், விடு.”

அண்ணி சொன்ன பிறகு சித்தப்பாவால் மீற முடியவில்லை. ஆனாலும் முறுக்கு இறங்கவில்லை. “உடைஞ்சா?”

“உடையாது. ஒரே பலகையா வேண்டாம், தனித்தனியா அஞ்சு போடுவோம். கம்பி அடிப்பக்கம் வரணும். குழிக்குள்ள இறக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணு மேல ஏறி நில்லுங்க. விரிசல் விட்டா நான் படிப்பை விட்டுட்டு மில்லுல உமி அள்ளறேன்.”

மட்டாட்டு மினி பஸ்ஸில் ஒகெச் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அப்படிப்பட்ட உடம்பு. அவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்: “நிக்க மாட்டேன். குதிப்பேன்.”

“தாராளமா குதிங்க.”

சவப்பெட்டி செய்துகொண்டிருந்த தச்சர் ஒபூயாவிடம் போய், மீந்த மரத்தில் கையகல அச்சு மூன்று கேட்டாள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு, துளி நீர் கசியக் கூடாது.

“இதென்னம்மா, கோழிக்கு சவப்பெட்டியா?”

“எனக்கு. பலகைக்குப் போற அதே கலவையை இதுலயும் எடுத்துக்கிட்டுப் போய் நைரோபியில நசுக்கிப் பாத்தா என் கடைசிச் சோதனை முடிஞ்சுது. பாதி மூட்டை ரெண்டுக்கும் போதும்.”

அச்சுக்குள் சமையல் எண்ணெய் தடவி, கலவையைக் குத்திக் குத்தி நிரப்பினாள். மூன்று கியூப், அஞ்சு பலகை, ஒரே சாம்பல். ஒதிண்டோ செய்த தப்புக்குத் தண்டனையாகக் கூடவே நின்று தண்ணீர் தூக்கினான்.

பயமில்லை என்றால் பொய். சாம்பல் கலந்த கான்கிரீட் ஆரம்பத்தில் சோம்பேறி. ஈரம் காயாமல் வைத்திருந்தால் போகப் போகத்தான் பலம் ஏறும். சனிக்கிழமைக்குள் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டாள், அதை மறுபடி சரிபார்த்தாள். கணக்கு சரி. ஆனாலும் வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழும்போதெல்லாம், மேலே போர்த்திய ஈரச் சாக்கு காய்ந்திருக்குமோ என்று பலகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் சித்தப்பா கோட்டைக் கழற்றி ஒதிண்டோவிடம் கொடுத்தார். இரண்டு கல்லின் மேல் வைத்த பலகையில் ஷூவோடு ஏறினார். கூட்டம் பாட்டை நிறுத்தியது. குதித்தார். பலகை அசையவில்லை. இன்னும் ஓங்கிக் குதித்தார். பிறகு நின்ற இடத்திலேயே நின்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணே,” என்றார் குழியைப் பார்த்து, “உன் பொண்ணு என்னையே தாங்கிட்டாண்ணே.”

அவரைக் கீழே இறக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. பெட்டி இறங்கியதும் அஞ்சு பலகையும் அதன் மேல் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தன. அப்போண்டி முதல் பிடி மண்ணைப் போட்டாள்.

அடுத்த வாரம், ஈரச் சாக்கில் கட்டிய மூன்று கியூபோடு அவள் நைரோபி பஸ்ஸுக்கு வந்தாள். கண்டக்டர் சாக்கை வாங்கிக் கூரைமேல் போடப் போனான்.

“மேல வேண்டாம்ணே. உள்ள வரணும்.”

அவன் சாக்கில் இருந்த மில் முத்திரையைப் பார்த்தான். “ஒலாங்கோ சாக்கா? நீதான் அந்தப் பொண்ணா? அடேயப்பா, மனுஷன் படுத்தற பாடு! ‘ஆராய்ச்சி போகுதுடா, ஜன்னல் சீட்டு குடு’ம்பாரு. சாம்பல் மூட்டைக்கு! உக்கார வெச்சு, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் இறங்குவாரு. ஆளு எங்க, இன்னைக்குக் காணோம்?”

கண்டக்டர் அவள் கறுப்பு உடையை அப்போதுதான் கவனித்தான். உள்ளே போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆளைக் கெஞ்சி எழுப்பிவிட்டு, சாக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அந்த சீட்டில் வைத்தான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் திரும்பியதும் சாக்கின்மேல் வெயில் விழுந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி மெதுவாகத் தெளித்தாள்.