அமலோற்பவம் குளிக்காத வெந்நீர்

...அரை வாளிகூட நிறையவில்லை, அதற்குள் பச்சைத் தண்ணீராகிவிட்டது, செபாஸ்தியம்மாள் விரலை விட்டுப் பார்த்தாள், சந்தேகமே இல்லை, ஆறின கஞ்சிக்கு இருக்கிற சூடுகூட இல்லை, அப்படியென்றால் இத்தனை நாளும் ஹீட்டரைக் காலி செய்தது யார், வீட்டில் இப்போது அவள் ஒருத்திதானே இருக்கிறாள், நாத்தனார் அமலோற்பவம்தான் சாணார்பட்டிக்கு அக்கா மகன் வீட்டுக்குப் போய்விட்டாளே... 'ரெண்டு நாள்ல வாரேன் மதினி' என்று சொல்லித்தான் போனாள், ஆனால் மூட்டுவலித் தைலத்தோடு குளிக்கிற முக்காலியையும் அல்லவா தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், ரெண்டு நாளில் வருகிறவளுக்கு முக்காலி எதற்கு, தெருவில் யார் பெட்டியோடு ஆட்டோ ஏறினாலும் பெட்டியின் கனத்தைப் பார்த்தே இது திரும்பி வருகிற பயணமா வராத பயணமா என்று சொல்லிவிடுகிற செபாஸ்தியம்மாளுக்கா இது புரியாது.

அவள் ஒன்றும் வாய்க்கு வந்ததைச் சொன்னவள் இல்லை, முறையாக விசாரித்துத்தான் தீர்ப்புச் சொன்னாள். முதலில் போர்வெல் தண்ணீரின் உப்பைத்தான் சந்தேகப்பட்டாள், ஆள் வரவழைத்து ஹீட்டரைத் திறந்து உப்பைச் சுரண்டி எடுத்தாயிற்று, பிறகு சூட்டைக் கூட்டுகிற திருகைக் கடைசிவரை ஏற்றி வைத்தாயிற்று, இரண்டுக்கும் தண்ணீர் மசியவில்லை, அப்புறம் மிச்சம் இருப்பது யார், விடியுமுன் முதல் ஆளாகக் குளியலறைக்குள் போய் முழு ஜெபமாலையையும் சொல்லி முடித்துவிட்டு வெளியே வருகிற அமலோற்பவம்தானே, எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இது நிற்கும்... அதைத்தான் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் சிரிக்கட்டுமே என்று சொன்னாள், "எங்க அமலம் ரெண்டு நாள் குளிச்சா வைகை டேம்லயே தரை தெரியும்." நன்றாகத்தான் சிரித்தார்கள். அது பக்கத்து வீட்டு சர்புன்னிசாவின் காதுக்கு வந்து, அங்கிருந்து சாயங்காலத்துக்குள் அமலோற்பவத்தின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது, இரண்டு பேரும் அப்படி ஒட்டு. அமலோற்பவம் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, "இனிமே எனக்குப் பச்சத்தண்ணியே போதும் மதினி" என்று மட்டும் சொன்னாள், அந்த முட்டியை வைத்துக்கொண்டு... புருஷன் ராயப்பராஜ் போன பிறகு ராத்திரிச் சாப்பாட்டில் தெருக்கதை கேட்பதற்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான், "அப்புறம்?" என்று பதமாக ஒரு கேள்வி போடுவாள், இப்போது எதிர்வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து போனதை யாரிடம் சொல்வது, டிவியிடமா?

சரி, புலம்பிக்கொண்டு நிற்கிற ஆளா அவள். மறுபடி சுவிட்சைப் போட்டாள், சிவப்பு விளக்கு அணைகிறவரை காத்திருந்து சுவிட்சை நிறுத்தினாள், குழாயைத் திறந்துவிட்டு ஸ்டூல்மேல் ஏறினாள். ஹீட்டரின் அடியில் இரண்டு பைப், ஒன்றின் கழுத்தில் சிவப்பு வளையம், மற்றதில் நீலம், சிவப்பு வழியாகச் சுடுதண்ணீர் வெளியே வர வேண்டும், நீலம் வழியாகப் பச்சைத் தண்ணீர் உள்ளே போக வேண்டும், இதற்கு என்ன படிப்பு வேண்டும்... சிவப்பைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. நீலத்தைத் தொட்டாள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மாறிக் கிடக்கிறது. பச்சைத் தண்ணீர் சிவப்பு வழியாக ஹீட்டரின் உச்சிக்குப் போய் இறங்கிச் சுடுதண்ணீரோடு கலந்துகொண்டே இருந்தால் எங்கே நிற்கும் சூடு. கிறிஸ்மஸுக்கு முன்னால் பைப் மாற்றிய முகேஷ்குமாரை இப்போதே போனில் கூப்பிட்டுக் கிழித்துவிடலாம் என்று ஸ்டூலிலிருந்து இறங்கியவளுக்கு அவன் குரல் ஞாபகம் வந்தது, "இருங்கக்கா, எது பச்சத்தண்ணி லைன்னு ஒருக்கா பாத்துக்கிறேன்." அதற்கு அவள் என்ன சொன்னாள்... அவன் அதற்கு முன்வாரம் வேலை பார்த்த வீட்டில் நிச்சயம் ஏன் முறிந்தது என்று வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளே, கதை பாதியில் நின்றுவிடுமே என்று, "அந்த வலது பக்கந்தாம்ப்பா, அத மாட்டிட்டு நீ மேல சொல்லு." நல்ல கதைதான், அதிலும் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் அவனை வரச் சொன்னால் ஒரு மணி நேர வேலை, வெந்நீர் கொட்டும்... கொட்டினால்? தெரு என்ன சொல்லும், 'அமலம் போனா, வெந்நி கொட்டுது' என்று சொல்லும், அவள் சொன்னது சாட்சியோடு உறுதியாகிவிடும், அதைக் கேட்டபின் அமலோற்பவம் இந்தப் படி ஏறுவாளா. ஆக, பைப்புக்கு முன்னால் கதையைத் திருப்பி மாட்ட வேண்டும், அது அவளுக்குத் தெரியாத வேலையா. கொல்லைக்குப் போனாள், சுவருக்கு அந்தப் பக்கம் சர்புன்னிசா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சாணார்பட்டிக்குப் போன் போடுகிறவள், இவளைவிட வேகமான தபால் ஏது.

"இந்தா சர்புன்னிசா, ஒன்கிட்ட மட்டும் சொல்றேன், யாருட்டயும் மூச்சு விட்ராத. ஹீட்டர்ல பைப்பு மாறிக் கெடக்கு. அமலம் மேல ஒண்ணுமில்ல. மாட்டச் சொன்னதே நாந்தான்."

சர்புன்னிசா கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "நெசமாவாக்கா?"

"பின்ன? ஆனா அவ காதுக்கு மட்டும் போயிரக் கூடாது, பாத்துக்க."

"போகாதுக்கா. அன்னைக்கு நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவுக போயிருப்பாகளா? அதுலருந்து உங்க வீட்டுச் சங்கதி எதையும் யாருட்டயும் பேசுறதில்லைன்னு இருக்கேன். நீங்க தைரியமாப் போங்க."

சும்மா சொல்கிறாள், செபாஸ்தியம்மாள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள், இந்த மாதிரி எத்தனை சத்தியம் பார்த்திருக்கிறாள், மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்... சர்புன்னிசா அடுத்த துணியை உதறினாள், அதை இழுத்து மடிப்பு எடுத்தாள், வேறு எதுவும் கேட்கவில்லை, "அப்புறம்?" என்றுகூடக் கேட்கவில்லை, கண்ணில் அந்த மினுக்கம் இல்லை, ஒருவேளை... ஒருவேளை இவள் நிஜமாகவே சொல்லமாட்டாளோ?