நான் கேட்டு வாங்கிய அமைதி

மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் திருநெல்வேலிக்கு மகளைக் கூட்டிப்போனேன். "சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். "நல்லா இருக்கு டாக்டர்" என்றேன். தூக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மை.

ப்ரியதர்ஷினிக்குப் பத்து வயது. ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்று என் மனைவி செல்வமாரி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இதற்கு மருந்து இருக்கிறது என்ற சொல் மட்டும் மனதில் தங்கியது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் படும் பாட்டை நினைத்துத்தான் நிம்மதி வந்தது என்று அப்போது நம்பினேன்.

தினமும் காலையில் இடைசெவலிலிருந்து கோவில்பட்டிக்கு அவளை பைக்கில் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டுவிட்டு நான் தீப்பெட்டி கம்பெனி ஆபீசுக்குப் போவேன். வழி முழுக்க என் முதுகுக்குப் பின்னால் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

"யப்பா, அந்த ஆட்டுக்கு ஒத்தக் கொம்புதான் இருக்கு. ஒத்தக் கொம்பு ஆடு முட்டுனா ஒரு பக்கந்தான் வலிக்குமா? யப்பா, கேக்கீங்களா?"

"ம்."

"என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

சொல்லத் தெரியாது. ஆபீசில் பகலெல்லாம் மெஷின் சத்தம், லாரிக்காரர்களின் கூப்பாடு. சாயங்காலம் வீட்டில் நாற்காலியைப் போட்டுப் புத்தகத்தை விரித்தால் ஒரே வரியை நாலு தரம் படிப்பேன். செல்வமாரி ஜவுளிக்கடை வேலை முடிந்து ஒன்பது மணி பஸ்ஸில்தான் வருவாள். அதுவரை நானும் மகளும்தான். எத்தனையோ நாள் "வாய மூடுட்டி" என்று கத்தியிருக்கிறேன். இரண்டு தடவை அடித்தும் இருக்கிறேன்.

மாத்திரை போட்ட முதல் நாள் சாயங்காலம் பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"யப்பா, இன்னைக்கு டீச்சர் சொன்னது பூராவும் கேட்டுச்சு. கடைசி வரைக்கும் கேட்டுச்சுப்பா."

அவள் முகத்தில் இருந்த ஆச்சரியம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. கணக்கு நோட்டில் முதல்முறையாக எல்லாக் கணக்கும் முடிந்திருந்தது. மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் ஆறு மணிக்கு மேல் மருந்தின் வேகம் குறைந்து பேச்சு திரும்பிவிடும். பகலெல்லாம் அமைதியைக் கற்பனை செய்துகொண்டு வருகிறவனுக்கு அது முன்னைவிடப் பெரிய இரைச்சலாகக் கேட்டது.

டிபன் பாக்ஸ் முக்கால்வாசி சோற்றோடு திரும்பி வந்தது. தொடக்கத்தில் பசி குறையலாம், குறைந்தால் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்வமாரி பார்த்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்வாள் என்று, அவள் வருவதற்குள் தெருநாய்க்குக் கொட்டிவிட்டுப் பாக்ஸைக் கழுவி வைத்தேன். ஒரு நாள் அல்ல, தினமும்.

ஒரு சாயங்காலம் டீக்கடையில் கொம்பையா அண்ணாச்சி என்னைக் கேலி செய்தார்.

"என்னவே, ஒம்ம வீட்டு ரேடியோ இன்னைக்குப் பாடல?"

"ரிப்பேர் பாத்தாச்சு அண்ணாச்சி. இப்பதான் நிம்மதியா இருக்கு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ப்ரியா என் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

அந்த வாரம்தான் டாக்டரிடம் போனது. செல்வமாரிக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்ன பிறகு, "சாயங்காலந்தான் கொஞ்சம் கஷ்டம். வீட்டுப்பாடம் செய்ய உக்கார மாட்டேங்கா. கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாமா?" என்று கேட்டேன். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு "நல்லாருக்கு" என்றாள். டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார்.

அதன்பின் வீடு நான் ஆசைப்பட்டது போலவே ஆயிற்று. அவள் சுவரோரம் உட்கார்ந்து எழுதுவாள். எழுதி முடித்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். மூன்று வாரத்தில் இரண்டு தடித்த புத்தகங்களை முடித்தேன்.

ஐப்பசி மழை பெய்த மறுநாள். பள்ளி வாசலில் இடது பக்கம் கரிசல் சகதி. "அங்கன வேண்டாம், இந்தப் பக்கம் எறங்கு" என்றேன். வலது பக்கமாக இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இரவு செல்வமாரி வந்து, "சாக்ஸ கழத்தாமயே இருக்கியே" என்று இழுத்தபோது சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு சைலன்சர் சுட்ட புண். கொப்புளம் உடைந்து நீர் கசிந்தது.

"ஏட்டி, எப்ப சுட்டுச்சு?"

"காலையில."

"காலையிலயா! அப்பாட்ட சொல்லலியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சாயங்காலம் வரும்போது அப்பா சந்தோசமா இருந்தாங்க. அதான் சொல்லல."

முன்பெல்லாம் ஒரு முள் குத்தினால் தெருவையே கூட்டுகிறவள்.

செல்வமாரி தேங்காய் எண்ணெயை எடுக்கப்போனாள். வேண்டாம் என்று சொல்லி நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். ப்ரியா காலை இழுக்கவில்லை. அந்தக் கால் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது கையில் பிடித்தபோதுதான் தெரிந்தது. டிபன் பாக்ஸ் விஷயத்தை அப்போதே சொல்லிவிட்டேன். டாக்டரிடம் நானாகக் கேட்டதையும் சொன்னேன்.

செல்வமாரி எண்ணெய்ப் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பிறகு, "நீங்க புஸ்தகம் படிக்கதுக்கா என் பிள்ளைக்கு மாத்திரை குடுத்தோம்?" என்றாள்.

மறுநாள் காலை பிள்ளையின் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் போனோம். நடந்ததை ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதையெல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பழைய அளவுக்கே குறைத்து எழுதினார். அவளை எடைமெஷினில் ஏற்றிப் பார்த்து, சாப்பாட்டுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்.

பசி மெல்லத் திரும்பியது. வகுப்பில் கவனமும் அப்படியே இருந்தது. புண் ஆறித் தழும்பாயிற்று. செல்வமாரி என்னோடு பழையபடி பேசத் தொடங்கினாள். ஆனால் காலையில் பைக்கில் என் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. அளவு குறைந்துவிட்டதே, இன்னும் ஏன் என்று கொஞ்ச நாள் குழம்பினேன். அது மாத்திரையால் வந்த அமைதி இல்லை என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று.

ஒரு மாதம் கழித்து மறுபடி டாக்டரைப் பார்க்க நானும் ப்ரியாவும் பஸ்ஸில் போனோம். கயத்தாறு தாண்டியதும் வரிசையாகக் காற்றாலைகள். ஜன்னலோரம் இருந்தவள் திரும்பினாள்.

"யப்பா, ஒண்ணு சொல்லட்டுமா?"

பத்து வருடத்தில் இப்படி அவள் கேட்டதே இல்லை.

"சொல்லும்மா."

"அந்தக் காத்தாடி மட்டும் சுத்தல."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குத் தூக்கம் வருதா, யாராவது நிறுத்திவிட்டார்களா, ராத்திரி சேர்த்துச் சுத்துமா என்று அடுத்தடுத்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த முகத்தைக் காட்டினால் அவள் தொடர்ந்து பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன் சுத்தல?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க படிங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று நான் புத்தகம் எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை.