பக்கத்து வீட்டுக்காரியின் பெயர்

என்னவென்று கூப்பிடுவது, அக்கா என்றா, மதினி என்றா, ஏங்க என்று கத்தினால் எந்த வீட்டு ஏங்க என்று யாருக்குத் தெரியும்... காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்தேன், காற்றடித்ததில் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. போன் கீழே, அடுப்பில் பால், தொட்டிலில் எட்டு மாதத்து ஷெரின். என் வீட்டுக்காரன் வினோத் ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் இருக்கிறான், ஆறு மணிக்குத்தான் வருவான். அரை மணி நேரமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன், நாற்பது வீட்டிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி ஓடுகிறது. சீ, பருத்திக் காட்டை அழித்து பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்டு, ஒரு செடி இல்லாத இடத்துக்குக் கார்டன் என்று பெயர். பால் தீய்ந்த வாடை மாடிக்கே வருகிறதே... பிள்ளை முழித்திருப்பாளோ, அழுதால்கூட இங்கே கேட்காதே.

நான்தானே கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வளவில் ஆறு குடும்பத்துக்கு ஒரே குழாய், ஒரே கக்கூஸ், பரிபூரணம் சித்தி காறித் துப்பினால் என் சோற்றுத் தட்டு வரைக்கும் கேட்கும், நானும் வினோத்தும் சண்டை போட்டால் விடிந்ததும் வளவே வந்து பஞ்சாயத்து பண்ணும். அதை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. அதற்காகத்தான் தனி வீடு, தனி வீடு என்று அவனை அரித்தெடுத்தேன். இந்தப் பெட்டி வீடும் குமட்டத்தான் செய்கிறது, என்னை நினைத்தாலும்தான்.

இந்தப் பக்கத்து வீட்டுக்காரி போன மாதம் ஒரு மத்தியானம் எங்கள் கேட்டைத் தட்டினாள். கட்டிலில் படுத்தபடி போனில் வாசல் கேமராவைப் பார்த்தேன், என்னத்தையோ இரவல் கேட்க வந்திருக்கிறாள் என்று சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மறுநாள் கரண்டு கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பால்ச்சாமி என்று. அவள் மாமனார். துஷ்டிக்குக்கூடப் போகவில்லை, பழக்கமில்லாதவர்கள் வீட்டுக்கு எப்படிப் போவது என்று நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் செத்தவருடையது, அதைச் சொல்லியா கூப்பிடுவது...

பக்கத்து வீட்டுப் பின்வாசல் திறந்தது. குப்பை வாளியோடு அவள். மதினி, மதினி என்று வாய் தானாக அலறியது, பிள்ளை உள்ளே, பால் அடுப்பில், கதவு பூட்டிக்கிச்சு. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்புட்டு நேரமாக் கூப்பிடுதீக?"

"அரை மணி நேரமா..."

"எங்க மாமா விழுந்தன்னைக்கு நானும் அம்புட்டு நேரந்தான் ஒங்க கேட்டுல நின்னேன்."

வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், போகட்டும், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். அவள் எங்கள் கேட்டுக்கு ஓடி வந்து உலுக்கினாள். உள்பக்கம் பூட்டு, நான் போட்டது, சாவி வீட்டுக்குள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரில் கை வைத்தாள். வேண்டாம் மதினி, மேலே கண்ணாடிச் சில்லு... கொத்தனார் எதுக்கும்மா என்று கேட்டும் கூடவே நின்று பதிக்கச் சொன்னது நான்தான். அவள் கையை எடுக்கவில்லை. அவள் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.