பைக்குள் எழுந்து நிற்காத நாய்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாக யாராவது இப்படிக் கேட்டால், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "உள்ளிருந்து" என்பேன். இது அங்கிருந்து வரவில்லை. விமான நிலையத்தில், செக்-இன் கவுன்டருக்கு முன்னால், ஒரு நாய் பைக்குள் எழுந்து நிற்க மறுத்தபோது வந்தது. நாய் எங்களுடையது. விமானம் ஏற வேண்டியவள் என் மனைவி. வழியனுப்பப் போனவன் நான்.

அவள் போய்ச் சில வாரங்கள் ஆகின்றன. நான் இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லை. இதுவரை எழுதிப் பார்த்தவை:

பையின் வலைக்கண்கள் வழியே உலகத்தைப் பார்த்த அந்த இரு விழிகள்—

(எந்த விழிகள்? நாய் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது.)

பிரிவு என்பது ஒரு—

(என்னவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.)

நாய்க்கும் மனிதனுக்கும் இடையிலான ஆதி ஒப்பந்தம்—

(இதை எழுதிய கையை என்ன செய்யலாம்?)

ஆகவே முதல் வரி இல்லாமலே தொடங்குகிறேன். வீட்டுக்கு வாசல் வைக்க மறந்த கொத்தனாரை மன்னித்து, ஜன்னல் வழியாக ஏறி வாருங்கள்.

2

என் மனைவி பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் வரிசையாகப் பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். எதைப் பார்த்தாலும் அது பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பாள். என் கதைகளையும் அப்படித்தான். படித்து முடித்துவிட்டு, "எங்கயோ இடிக்குது" என்பாள். எங்கே என்று கேட்டால், "போட்டுக்கிறவங்களுக்குத்தான் தெரியும்" என்பாள்.

விமானத்தில் போகிற தூரத்திலுள்ள ஒரு நகரத்தில், பல் செட் செய்யும் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்க அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அதற்காக வெகுநாள் காத்திருந்தாள். நான் வாழ்த்துச் சொன்னேன். கூடவே, என்னால் வர முடியாது, இந்த அறை, இந்த மேசை, இந்த ஜன்னல் இல்லாமல் எனக்கு எழுத வராது என்றும் சொன்னேன்.

[அடிக்குறிப்பு: இந்த அறையில், இந்த மேசையில், இந்த ஜன்னலைப் பார்த்தபடி நான் சமீபத்தில் எழுதி முடித்தது மின்வாரியத்துக்கு ஒரு புகார் மட்டுமே. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். எனக்குக் கூடம் நேராகத்தான் இருந்தது, அதுதான் பிரச்சினை.]

அவள் வற்புறுத்தவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்: நாய் இல்லாமல் போகமாட்டேன், சரக்குப் பகுதியில் போட்டு அனுப்பவும் மாட்டேன், காலடியிலேயே வைத்துக் கூட்டிக்கொண்டு போவேன், முடியாது என்றால் வேலையே வேண்டாம். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நாயின் பெயர் பொட்டலம். துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், அதனால் அப்படி. பூனையைவிடப் பெரியது, மற்ற நாய்கள் மதிக்கும் அளவுக்குப் பெரியதல்ல. பையோடு சேர்த்து எடை சரியாக இருந்தது. கால்நடை மருத்துவர் சான்றிதழ் கொடுத்தார். மயக்க மருந்து கொடுக்கவே கூடாது, பையைப் பழக்குங்கள், அது போதும் என்றார்.

பழக்கினோம். எங்கள் மடத்தனம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

3

சாப்பாட்டு மேசை நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டோம். முன் நாற்காலிக்கு அடியில் பை. பின் நாற்காலியில் அவள், மடியில் கைப்பையோடு, பயணி. எஞ்சின் சத்தத்துக்கு வெறும் மிக்சியை ஓடவிட்டோம். (கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் மேலே வந்து, அப்படி என்னதான் அரைக்கிறீர்கள் என்று கேட்டார். விமானம் என்றேன். அதற்குப் பிறகு அவர் மேலே வரவில்லை.) நான் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு விமானப் பணியாளன்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் பொட்டலம் பைக்குள் போய்ப் படுக்க வேண்டும். பிறகு மிக்சி ஓடலாம், தட்டு விழலாம், நாற்காலி ஆடலாம், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அசையக் கூடாது. "நாம் தரையிறங்கிவிட்டோம்" என்று சொன்னால் மட்டும் எழுந்து, உடம்பை முறுக்கி, வெளியே வரலாம். வந்தால் ஒரு துண்டு கோழி.

அந்த நாய் என்னைவிட நன்றாகப் பாடம் படித்தது. கடைசி நாட்களில், நான் பையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடியும்கூட உள்ளே கல்லாகக் கிடந்தது.

இந்தப் பகுதியை நான் நிறைய எழுதி நிறைய அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். அந்த மாலைகளில் நாங்கள் சிரித்தோம். அவள் பயணியாக இருந்து ஜன்னலோர இருக்கை கேட்டுத் தகராறு செய்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மன்னிக்கவும் அம்மா, இது மலிவு விமானம், டம்ளரைத் திருப்பித் தர வேண்டும் என்றேன். ரொம்ப காலத்துக்குப் பிறகு ஒரே அறையில் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். அவள் போவதற்காகத்தான் இதெல்லாம் என்பதை இருவருமே வாய் தவறியும் சொல்லவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். இதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

4

கதாபாத்திரங்களைப் பற்றி எனக்குச் சில சந்தேகங்கள்.

முதல் வரைவில் மனைவியைக் கல்நெஞ்சக்காரி ஆக்கினேன். விட்டுப் போகிறவள் கெட்டவளாக இருந்தால், விடப்பட்டவன்மேல் வாசகருக்கு இரக்கம் வரும் என்ற கணக்கு. ஆனால் அவள் ஒவ்வொரு பக்கத்திலும் எதையாவது நல்லதாகச் செய்துவிட்டாள். கிளம்பும் முன் என் சட்டைப் பொத்தான்களைத் தைத்து வைத்தாள். வில்லி பொத்தான் தைப்பாளா?

இரண்டாவது வரைவை நாய் சொல்வதாக எழுதினேன். நாயும் நான்காம் வரியிலேயே காலத்தின் தன்மை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் நாய் பிடிக்கப் போய் நானாகவே முடிந்தது.

மூன்றாவதில் கணவனைத் தியாகி ஆக்கினேன். அந்த வரைவு அழகாக வந்திருக்கிறது. அதைத்தான் அவளுக்கு அனுப்பினேன். அந்தச் சங்கதி பின்னால் வரும்.

5

இனி கவுன்டர்.

கவுன்டரில் இருந்த பெண் நல்லவள். சான்றிதழைப் பார்த்தாள், எடை பார்த்தாள், அளவு பார்த்தாள். எல்லாம் சரி. கடைசியாக ஒன்று இருக்கிறது என்றாள்: பிராணி பைக்குள் எழுந்து நிற்க வேண்டும், ஒருமுறை சுற்றித் திரும்ப வேண்டும், அப்போதுதான் பை அதற்குப் போதுமானது என்று எழுத முடியும்.

அத்தனை நாளும் அசையாமல் கிடக்கத்தான் பழக்கியிருந்தோம்.

என் மனைவி பையைத் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வலையில் விரலால் சுரண்டினாள். பொட்டலம் பொட்டலமாகவே கிடந்தது. எடுத்து வெளியே விடலாமா என்று கேட்டாள். வெளியே அல்ல, உள்ளே நின்று காட்ட வேண்டும் என்றாள் அந்தப் பெண். உடம்பு சரியில்லையா என்றும் சந்தேகமாகக் கேட்டாள். பிறகு, நிற்க முடியவில்லை என்றால் பை சிறியது என்றுதான் அர்த்தம், ஏற்ற முடியாது, மேலதிகாரியைக் கூப்பிடுகிறேன் என்று போனைத் தூக்கினாள்.

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

என்ன சொன்னால் அது எழுந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம். சொன்னால் இருவரும் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் நாய் போகாது; நாய் போகாவிட்டால் அவள் போகமாட்டாள். நான் தடுத்ததாகக்கூட ஆகாது. பழி பை தைத்தவன்மேல் விழும். மூவரும் வாடகைக் காரில் வீட்டுக்குப் போய்விடலாம்.

வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டேன். (சொன்னால் மதிப்பு போய்விடும். உங்களிடம் எனக்கு ஏதாவது மிச்சம் இருந்தால்.)

பின்னால் நின்றவர், "சார், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்றார். அப்போதுதான் சொன்னேன். முதலில் மெதுவாகச் சொன்னேன்; நாய் அசையவில்லை. அறிவிப்பு மாதிரி இருந்தால்தான் அதற்குப் புரியும். ஆகவே மூச்சை இழுத்துக்கொண்டு, கரண்டி இல்லாத கையை வாயருகே வைத்து, உரத்த குரலில் அறிவித்தேன்:

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு. நாம் தரையிறங்கிவிட்டோம்."

இன்னும் ஏறவே ஏறாத பயணிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பொட்டலம் எழுந்து நின்றது. உடம்பை முறுக்கியது. ஒரு சுற்றுச் சுற்றி, கோழி எங்கே என்று என்னைப் பார்த்தது. கவுன்டர் பெண் சிரித்துக்கொண்டே பையில் அடையாளச் சீட்டைக் கட்டினாள்.

என் மனைவி சிரிக்கவில்லை. வரேன் என்றாள். போனாள்.

6

இதற்கு நான் எழுதி வைத்திருந்த முடிவுகள்:

ஒன்று: கணவன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவள் வீடு திரும்புகிறாள். இருவரும் சந்தோஷமாக வாழ்கிறார்கள். (நாய் மட்டும் அவனை ஒருமாதிரியாகப் பார்க்கிறது.)

இரண்டு: கணவன் அங்கேயே ஒரு டிக்கெட் வாங்கி ஓடிப்போய் ஏறுகிறான். (இதற்குக் கால்கள் தேவை. கதாபாத்திரத்திடம் இருந்தன, என்னிடம் இல்லை.)

மூன்று: கணவன் அவளுடைய எதிர்காலத்துக்காகத் தன் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அந்த மந்திர வாக்கியத்தைச் சொல்கிறான். அதைச் சொல்லக்கூடிய ஒரே குரல் அவனுடையது. கண்ணீருடன் திரும்புகிறான்.

தியாகி வரைவு என்றேனே, அது இதுதான். 'சார், சீக்கிரம்' என்றவரை அதிலிருந்து நீக்கிவிட்டேன். கலைக்காக.

7

அனுப்பிய மறுநாள் அவள் போன் செய்தாள். பொட்டலம் நலம், ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதற்கு அடிமை, அவள் அறைக்கு இன்னும் திரைச்சீலை போடவில்லை என்றெல்லாம் சொன்னாள். பிறகு கதைக்கு வந்தாள். எங்கேயோ இடிக்கிறது என்றாள்.

வழக்கம்போல எங்கே என்று கேட்டேன். இந்த முறை பதில் இருந்தது.

"அந்த ஒரே குரல்னு எழுதியிருக்கீங்களே, அங்க."

"ஏன், நான் சொன்னாத்தானே எந்திரிக்கும்?"

"நீங்க வெளிய போற அன்னிக்கெல்லாம் யாரு பழக்கினாங்கன்னு நினைச்சீங்க? நான்தான். நான் சொன்னாலும் எந்திரிக்கும். நல்லாவே எந்திரிக்கும்."

அப்படியானால் கவுன்டரில் ஏன் சொல்லவில்லை, பதற்றத்தில் மறந்துவிட்டதா என்று கேட்டேன்.

"மொதல்ல தோணல, பதட்டம்தான். அப்புறம் தோணுச்சு. நிமிர்ந்து உங்க மூஞ்சியப் பார்த்தேன். உங்களுக்கும் தோணிடுச்சுன்னு தெரிஞ்சுது. ஆனா நீங்க சொல்லாம நின்னீங்க. சரின்னு நானும் சொல்லாம நின்னேன்."

"எதுக்கு?"

மறுமுனையில் பொட்டலம் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

"கதை எழுதறவரு நீங்கதானே, எழுத்தாளரே. எழுதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

8

ஆக, என் மூன்று முடிவுகளும் குப்பைக்கூடைக்குப் போயின. தன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஒருவன் அங்கே நின்றிருக்கிறான். பக்கத்தில் நின்றவளிடமும் அதே வாக்கியம் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கதாபாத்திரத்தின் மனத்தை விளக்குகிறவனுக்கு, கூடவே நின்றவள் தனக்காகக் காத்திருக்கிறாள் என்பது தெரியவில்லை. நாயை எழுப்பும் வாக்கியத்துக்காக அவள் காத்திருக்கவில்லை என்பதுகூட எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

வேறு எந்த வாக்கியம்? அவள் காத்திருந்தது, 'போகாதே' என்பதற்—

(இல்லை.)

'நானும் வருகிறேன்' என்பதற்—

(இருக்கலாம். இருந்திருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதும் அதுவாகவே இருப்பதும் ஒன்றா?)

இரண்டில் எது என்று உங்களில் பலருக்கு ஐந்தாம் பகுதியிலேயே தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லாமல் படித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, நீங்களும் அவள் கட்சி.

என்னால் இதை ஊகித்து எழுத முடியாது. எழுதினால் நான்காவது வரைவாகிவிடும், அதிலும் நான் எப்படியாவது நல்லவனாகிவிடுவேன். கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு முன் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

அவள் எண்ணை அழுத்திவிட்டேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

வாசகரே, இவ்வளவு தூரம் கூட வந்ததற்கு நன்றி. தவறாக நினைக்காதீர்கள், கொஞ்சம் வெளியே இருங்கள். இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு அல்ல.

எடுத்துவிட்டாள்.