ஸ்டோர் ரூமுக்கு எதற்கு ஃபேன்

அந்த இழுப்பறையை நான் திரும்பத் திரும்ப இழுத்து மூடிப் பார்த்தேன். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசி நேரத்தில் நின்று, நிதானித்து, சத்தமே இல்லாமல் போய் ஒட்டிக்கொண்டது. நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிற புது வீட்டுக்காகப் போயிருந்தோம், தில்லை நகரில் அந்த மாடுலர் கிச்சன் கடையின் ஏசிக் குளிரில் நான் ஒருத்தி மட்டும் வியர்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில்தான், வேறென்ன. என் தம்பி நவநீதன் சோபாவில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஆனந்தவள்ளி கலர் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். டிசைன் போடுகிற ஜெஸ்வின் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "மேடம், கிச்சன்ல அதிகமா யார் நிப்பீங்க?" என்று கேட்டார். ஆனந்தவள்ளி அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்காதான். அவங்களுக்கு எது வசதியோ அப்படியே போட்டுடுங்க" என்றாள்.

எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. உனக்கு எது வசதி என்று அதுவரை ஒரு ஜீவன் என்னைக் கேட்டதில்லை. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டின் அடுப்படியை நீங்கள் பார்க்க வேண்டும். மேடை என் இடுப்புக்குக் கீழே இருக்கும், குனிந்து குனிந்து காய் நறுக்கிவிட்டு நிமிர்ந்தால் முதுகு கொஞ்ச நேரம் நம்முடையதாகவே இருக்காது. கிரைண்டர் பாத்ரூம் போகிற வழியில் நிற்கும். பெரிய குண்டான்களெல்லாம் கட்டிலுக்கு அடியில். கதவில்லாத அலமாரியில் கரப்பான் எந்நேரமும் ஊர்வலம் போகும். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மூட்டை வாங்கிவிட்டால், அதை எங்கே பரப்புவது என்று அன்றைக்கு முழுக்க அலைவேன். அப்படிப்பட்டவளிடம் போய், எது வேண்டும் என்று கேட்டால்? விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டேன்.

மேடை என் உயரத்துக்கு. கிரைண்டருக்குத் தனி இடம், பக்கத்திலேயே பிளக். சிலிண்டர் வெளியே நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே வரட்டும். குண்டான்களுக்கு ஆழமான இழுப்பறை. மூலையில் சுற்றுகிற தட்டு வைக்கிறேன் என்றார் ஜெஸ்வின். "அதுல ஒரு டப்பா பின்னாடி விழுந்துட்டா நீங்க வந்து எடுத்துத் தருவீங்களா தம்பி?" என்றேன். சிரித்துவிட்டு அதை அழித்தார். ஆனந்தவள்ளி ஹாலோடு சேர்ந்த ஓபன் கிச்சன் கேட்டாள். அவளும் ஸ்கூலில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற டீச்சர், சொன்னால் சொன்னதுதான். ஆனால் மீன் வறுக்கிற அன்றைக்கு உன் சோபாவும் சேர்ந்து மணக்கும், பரவாயில்லையா என்று கேட்டேன். சுவர் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரே இழுப்பில் எல்லாச் சாமானும் வெளியே வருகிற உயரமான அலமாரி ஒன்றைக் காட்டினார் ஜெஸ்வின். வருஷத்துக்குப் புளி வாங்கிக் கொட்டை எடுத்து வைக்கிற வீடு, லால்குடியிலிருந்து சித்தப்பா மூட்டை மூட்டையாக அரிசி அனுப்புகிற வீடு, இந்தக் குச்சி அலமாரியில் எதை வைப்பது என்றேன். "பின்னாடி ஸ்டோர் ரூம்னு பிளான்ல இருக்குல்ல, அதுல ஒழுங்கா அடுக்குப் போட்டாலே போதும்" என்று வழியும் நானே சொன்னேன். நவநீதன் அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அதெல்லாம் மேஸ்திரி வேலைக்கா. சைட்ல பேசிக்கலாம்" என்றான்.

சமையலறை என் சந்தோஷத்தில் பாதிதான். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். அம்மா படுத்த படுக்கையானாள், நான் பார்த்துக்கொண்டேன், அவள் போய்ச் சேர்ந்தபோது என்னைப் பெண் கேட்டு வருகிற வயது தாண்டியிருந்தது. அவ்வளவுதான் கதை. அதற்கப்புறம் தம்பி வீடுதான் என் வீடு. தம்பி பெண் கனிஷ்கா என் மடியில்தான் வளர்ந்தாள். படுக்கை ஹாலில். டிவி எப்போது அணைகிறதோ அப்போது என் பாய் விரியும். புடவை மாற்ற பாத்ரூம். என் துணிமணி கனிஷ்காவின் மேஜைக்கு அடியில் ஒரு சூட்கேஸில். தலைவலி என்று பகலில் அரை மணி படுத்தால்கூட வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் என்னாச்சு என்னாச்சு என்று கேட்பார்கள். இந்த வீடு கட்டப் பணத்துக்காக லால்குடியில் அப்பா கட்டிய வீட்டை விற்றபோது நானும் கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நவநீதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புது வீட்ல உனக்குன்னு ஒரு ரூம் இருக்கும்க்கா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிளானைப் பார்த்த அன்றைக்கே நான் முடிவு பண்ணிவிட்டேன், மாடியில் பின்பக்கம் இருக்கிறதே, சின்ன அறை, அதுதான் எனக்கு என்று. ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு. உள்பக்கம் தாழ்ப்பாள். ராத்திரி படுக்கையில் மனசுக்குள்ளேயே அந்தத் தாழ்ப்பாளை எத்தனை முறை போட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் முன்னாலேயே பஸ் ஏறிக் கொள்ளிடம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சைட்டுக்குப் போனேன். தம்பியும் ஆனந்தவள்ளியும் காரில் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கூரை போட்டு, உள்ளே முதல் பூச்சும் முடிந்திருந்தது. ஈரச் சிமெண்ட் வாசனை. சமையலறையில் நின்று பார்த்தேன். இங்கே அடுப்பு, இங்கே சிங்க், இங்கே நான். பிறகு பின்னால் ஸ்டோர் ரூமுக்குள் போனேன். அண்ணாந்து பார்த்தால் கூரையின் நடுவில் ஃபேன் மாட்டுகிற கொக்கி. சுவரில் இரண்டு பிளக், சுவிட்சுக்குப் பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேஸ்திரி, இங்க வாங்க. ஸ்டோர் ரூமுக்கு எதுக்கு ஃபேன்? அரிசிக்குப் புழுங்குமா, பருப்புக்கு வேர்க்குமா?"

மேஸ்திரி பெரியண்ணன் வந்து கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார்தாம்மா போடச் சொன்னாரு."

"அவனுக்கு என்ன தெரியும்? ஜன்னல் வேற இவ்ளோ பெருசா விட்டிருக்கீங்க. வெயில் அடிச்சா சாமான் என்னத்துக்கு ஆகும்? சரி போகட்டும். நாலு சுவத்துலயும் கடப்பாக் கல் வச்சு அடுக்கு வேணும். கீழ மட்டும் டிரம் நிக்கிற உயரம் விடுங்க."

"நாலு பக்கமும் வராதுங்கம்மா. அந்தப் பக்கம் கட்டில் வருது."

"கட்டிலா?"

"ஆமாங்க. ஆறடிக் கட்டில் போடுற மாதிரி அந்தச் சுவத்தை விட்டுடணும்னு சார் சொல்லியிருக்காரு. மூணு பக்கம் அடுக்கு, ஒரு பக்கம் கட்டில்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வீட்டோடு ஒரு வேலைக்கார அம்மாவை வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஒத்தாசைக்கு. வயசாகிறதே அக்காவுக்கு என்று தம்பி யோசித்திருக்கிறான், பார்த்தீர்களா, வெளியே காட்டிக்கொள்ள மாட்டான், ஆனால் மனசு உண்டு. அந்த நினைப்பில் அப்படியே நெகிழ்ந்துபோய், "பாவம், யாரா இருந்தாலும் மனுஷிதானே. இந்தப் புளி வாடையிலயும் மிளகா நெடியிலயும் எப்படித் தூங்குவா?" என்று வாய்விட்டே கேட்டேன். பெரியண்ணன் தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். சுத்தமாக இருந்த கையை அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நான் அண்ணாந்து மாடிப் பக்கம் பார்த்தேன்.

"மாடில பின்னாடி ரூம் யாருக்கு மேஸ்திரி?"

"அது கெஸ்ட் ரூம்மா. ஏசிக்கு லைன் விட்டிருக்கு."

முட்டி வலியோடு கைப்பிடி இல்லாத படியில் ஏறிப் போனேன். நல்ல அறை. நான் நினைத்ததைவிடப் பெரியது. தோப்பிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு ராத்தங்குகிற விருந்தாளி என்று வருஷத்தில் யார் வருகிறார்கள்? தீபாவளிக்கு ஆனந்தவள்ளியின் அம்மா வருவாள், ஊர்த் திருவிழாவுக்கு அவள் தங்கச்சி வருவாள், மற்ற நாளெல்லாம் அந்த அறை சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதற்கு ஓர் அறை இருக்கிறது. எனக்கு இல்லை. அழுகை வரவில்லை, அது வந்திருந்தால்கூடத் தேவலை. கோபம்தான் வந்தது, அதுவும் என் மேலேயே. பல்லை இளித்துக்கொண்டு இழுப்பறையை இழுத்து மூடி விளையாடினேனே, மேடை என் உயரத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேனே. அவர்கள் எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்கு விட்டது எதற்கு என்று இப்போது புரிந்தது. அந்த அடுப்படியை விட்டு நான் எங்கேயும் போகப் போவதில்லை என்று அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

கீழே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் இறங்கி வருவதற்குள் பெரியண்ணன் அவர்களிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நவநீதன் ஸ்டோர் ரூம் வாசலில் நின்று ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனந்தவள்ளிதான் ஆரம்பித்தாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா. உங்களுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏறி எறங்க முடியுமா? காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அடுப்புகிட்ட வர்றவங்க நீங்க. பக்கத்துலயே இருந்தா எவ்ளோ வசதி! அதான் ஃபேன் போட்டு, ஜன்னல் பெருசா வச்சு, எல்லாம் பார்த்துப் பார்த்துப் பண்ணச் சொன்னேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவள் நிஜமாகவே எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நான் தம்பியைக் கேட்டேன்.

"நவநீதா, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நீ சொன்னது இந்த ரூமைத்தானா?"

"ரூம்தானேக்கா இது. கதவு இருக்கு. மூணு பக்கம்தான் சாமான்..." என்றவன் பாதியில் நிறுத்தினான். "இப்ப எதுக்கு இதெல்லாம், வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

வீட்டில் போய் எங்கே பேசுவது? ஹாலில், டிவிக்கு முன்னால், என் பாயில் உட்கார்ந்துகொண்டா? எத்தனை விஷயம் வீட்டில் போய்ப் பேசிக்கலாம் என்று ஒத்திப்போட்டு அப்படியே அமுங்கிப் போயிருக்கிறது. நான் திரும்பி உள்ளே போனேன். கட்டிலுக்கென்று விட்டிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பூச்சு இன்னும் ஜில்லென்று இருந்தது.

"மேஸ்திரி, இந்தச் சுவத்துலயும் அடுக்கு வரணும். கீழேர்ந்து கூரை வரைக்கும். ஒரு ஜாண் இடம்கூட விடக் கூடாது."

பெரியண்ணன் நவநீதனைப் பார்த்தார்.

"அவனை ஏன் பாக்குறீங்க? அடுப்படி என் வசதிப்படின்னு கடையில வச்சுச் சொன்னாங்க, ஸ்டோரும் அதுல சேர்த்திதான். கேட்டுக்கங்க."

"அக்கா, பிடிவாதம் பிடிக்காதே" என்றான் நவநீதன். "நாலு பக்கமும் அடுக்கு வச்சுட்டா நீ எங்க படுப்ப?"

"அதைத்தாண்டா நானும் கேக்குறேன்."

ஆனந்தவள்ளி ஏதோ சொல்ல வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். மாடி அறை என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வருமா என்று நான் காத்திருந்தேன். அவனுக்கும் அது தெரியும். வெறுமனே தலையைக் குனிந்துகொண்டு தரையில் கிடந்த சிமெண்ட் கட்டியைச் செருப்பு நுனியால் உருட்டிக்கொண்டிருந்தான். சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியண்ணன் கோடு போடுகிற நூலை எடுத்து நீலப் பொடியில் தோய்த்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினார். நான் கையை நீட்டினேன்.

சுவரின் அந்த மூலைக்கு அவர் போனார், இந்த மூலையில் நான் நின்றேன். நூல் எங்களுக்கு நடுவே தொய்ந்து ஆடியது.

"இறுக்கிப் பிடிங்கம்மா."

இறுக்கிப் பிடித்தேன். அவர் நடு நூலை இழுத்து விட்டார். பட்டென்று ஒரு சத்தம், நான் தலை வைத்துப் படுத்திருக்க வேண்டிய இடத்தில் நேராக ஒரு நீலக் கோடு விழுந்தது. என் விரலெல்லாம் பொடி. "அடுத்தது எவ்ளோ தள்ளிம்மா?" என்றார். நூலை விடாமல் கையை ஒரு முழம் மேலே கொண்டுபோய், மறுபடி சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.