கண்ணில் படாத வீடு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்கின் புனிதப் பச்சை நிறத்தைத் தம் தோள்களில் சுமந்து நிற்கும் நிலக்காட்சிக் குழுவானது, ஒரு வீட்டின் தலைவிதியை மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் தீர்மானிக்க மலையேறியது. தோளில் உண்மையில் சுமந்தது பிஸ்கட் பை.

வீட்டை வரைந்தவள் பின்னால் ஏறினாள். அவளுக்கு இது வெறும் வேலையல்ல. எதிர்மேட்டின் உச்சியில் சொத்தைப் பல் மாதிரி நின்ற பழைய வீட்டில் அவளுடைய அக்கா குடியிருந்தாள். சுவரெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் பூஞ்சை, குளிர்காலம் முழுக்க அக்காவுக்கு இழுப்பு. பழையதை இடித்துப் புதிது கட்டலாம் என்றது சட்டம். ஆனால் புதியது பழையதைவிடக் கண்ணை உறுத்தக் கூடாது என்றும் சொல்லி வைத்தது.

முதல் இரண்டு முறையும் காரியத்தைக் கெடுத்தவர் அக்காவின் கணவர், அத்தான். "வீடுன்னா போறவன் வர்றவன் நின்னு பார்க்கணும், பார்த்து வயிறெரியணும்" என்பது அவருடைய கட்டடக்கலை. முதலில் ஒரு கண்ணாடி மாடம் கேட்டார். அது தள்ளுபடியானதும், அதன்மேல் இன்னொன்று கேட்டார்.

இந்த முறை அவள் அக்காவிடம் மட்டும் கேட்டாள்.

"எனக்கு மாடமும் வேணாம், கூடமும் வேணாம்டி. மூச்சு விட்டாப் போதும்."

மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. வீட்டை அதற்குள் இறக்கினாள். பழைய வீட்டின் கல்லே புதிய சுவர். குளிர் தாக்காதிருக்கச் சுவருக்குள் ஆட்டுக் கம்பளி. வெயில் விழும் பக்கம் முழுக்க ஜன்னல். கூரைமேல் மண், மண்மேல் புல். உயரம் தெரிய நாலு மூலையிலும் கம்பம் நட்டு உச்சியில் ஆரஞ்சு நாடா கட்ட வேண்டும் என்பது குழுவின் விதி. அதையும் செய்தாள்.

அந்த மேட்டை எதிரே பார்க்கும் மலைப்பாதை பெஞ்சருகே குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். மறுப்புரை சட்டைப்பையில் தயாராக இருந்தது. 'நிலத்தின் ஆன்மா' இல்லாத வரி அதில் கிடையாது. பைனாகுலரை உயர்த்தினார்.

"கம்பம் எங்கம்மா?"

"நட்டிருக்கு சார். நேர் எதிர்லதான்."

குழுவினர் ஆளுக்கு ஆள் பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பழைய வீடு தெரிந்தது. புல் தெரிந்தது. ஒரு மாடு தெரிந்தது. மாடும் திரும்பிப் பார்த்தது.

"கம்பமே நடாம எங்களை மலையேத்திட்டீங்களா? இதுக்கே தள்ளுபடி பண்ணலாம், தெரியுமா?"

அவள் மறுபடியும் எதிர்மேட்டைக் கைநீட்டிக் காட்டினாள். அப்போது பள்ளத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஏணி போட்டுக் கம்பத்தின் உச்சிவரை ஏறி, நாடாவைப் பிடித்துக்கொண்டு கத்தியவர் அத்தான்.

"ஐயா! இங்கதான் இருக்கேன்! கூரை உசரத்துல நிக்கிறேன்! நல்லாப் பாருங்க!"

மூச்சு வாங்கி வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்திருந்த அக்கா பெஞ்சிலிருந்து சொன்னாள்: "ஆளைக் காணோம், சத்தம் மட்டும் வருது. கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான்."

சரிபார்க்கச் செயலாளர் இறங்கிப் போனார். சற்று நேரத்தில் அவர் குரலும் வந்தது. "கம்பம் நாலும் இருக்கு தலைவரே! அவரும் இருக்காரு!"

"இப்ப நீயும் தெரியலையேய்யா!"

மறுப்புரை சட்டைப்பைக்குள்ளேயே கசங்கியது. "நிலத்தின் ஆன்மா வென்றது" என்று அறிவித்த தலைவர், அதை வெல்ல வைத்ததே தாம்தான் என்ற தோரணையில் அனுமதியில் கையெழுத்திட்டார். அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள், விடவில்லை.

புது வீட்டுக்குக் குடிபோன அடுத்த குளிர்காலம் அக்கா அந்த ஏற்றத்தை ஓரிடத்திலும் உட்காராமல் ஏறினாள். வழியெல்லாம் அத்தானைத் திட்டிக்கொண்டே, ஒரே மூச்சில். கேட்டுக்கொண்டே பின்னால் ஏறிய தங்கைக்கு அதைவிட இனிய சங்கீதம் வேறில்லை.

ஆண்டின் மிகச் சிறந்த வீடு என்று குழு அதற்கு விருது கொடுத்தது. மாட்டி வைக்க அத்தான் ஆணியெல்லாம் அடித்து வைத்தார்.

தபாலில் அனுப்பிய விருது, அந்த முகவரியில் வீடு எதுவும் இல்லை என்ற குறிப்போடு திரும்பிப் போய்விட்டது.